சின்ன வீட்டுக்கு எத்தனை ஃபைல் வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் சின்ன வீடுகளுக்கு பிளான் கீறிக் கொடுக்கிறீர்கள், இருபது வீடு தாண்டிவிட்டது, டெஸ்க்டொப் முழுக்க 'பிளான்', 'பிளான் புதுசு', 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'சரியான ஃபைனல்' என்று கிடக்கிறது. ஒரு வீட்டுக்கு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைப்பதா, தரைப்படம், எலிவேஷன் (வெளிச் சுவரின் நேர்த்தோற்றம்), மின்சாரம் என்று தனித்தனியாகப் பிரிப்பதா, எக்ஸ்ரெஃப் (ஒரு ஃபைலைக் கொப்பி அடிக்காமல் இன்னொன்றுக்குள் தொடுத்துக் காட்டுவது) பழகத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று இரண்டு மாடி வீட்டுக்கு ஒரே ஒரு வேலை ஃபைல் போதும். ஆனால் உங்கள் கையை விட்டு வெளியே போன ஒவ்வொரு படத்தையும் திகதியோடு தனியாக எடுத்து வைத்து, பிறகு அதை ஒருபோதும் தொடக் கூடாது. நீங்கள் இப்போது செய்வது இதற்கு நேர்மாறு. வேலை செய்கிற ஃபைல் ஐந்தாறு இருக்கிறது, மேசனிடம் எது போனது என்று கேட்டால் வட்ஸ்அப்பை மேலே தள்ளித் தேடுகிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், இரண்டு தடவை நன்றாக அடிபட்ட பிறகுதான் மாறினேன்.

முதல் அடி நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டில். பிளானை அனுமதிக்கிற உள்ளூராட்சி சபைக்குக் கொடுக்க ஒரு ஃபைல், மேசனுக்கு ஒன்று, வயரிங்காரருக்கு ஒன்று என்று மூன்றாக வைத்திருந்தேன், மூன்றிலும் அதே சுவர்கள் கொப்பி. வீட்டுக்கார அம்மா பாத்ரூம் கதவை இரண்டு அடி தள்ளச் சொன்னார். இரண்டு ஃபைலில் மாற்றினேன், மூன்றாவதை மறந்தேன். வயரிங்காரர் தன்னிடம் இருந்த படத்தைப் பார்த்து சுவரில் காடி வெட்டி, சுவிட்ச் பெட்டியைச் சரியாகக் கதவுக்குப் பின்னால் பதித்துவிட்டார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை, படம் அப்படித்தான் சொன்னது. பூசின சுவரைத் திரும்ப உடைத்த செலவை நான் கொடுத்தேன். ஒரு சுவரை மூன்று இடத்தில் கீறினால் என்றைக்காவது ஒருநாள் மூன்றும் மூன்று விதமாக நிற்கும், அது எவ்வளவு கவனமான ஆளுக்கும் நடக்கும்.

ஆகவே சுவரை மொடல் ஸ்பேஸில், அதாவது உண்மை அளவில் கீறுகிற இடத்தில், ஒரே தடவை கீறுங்கள். சபைக்கு, மேசனுக்கு, வயரிங்குக்கு, தண்ணீர்க் குழாய்க்கு என்று வேறு வேறு தாள் வேண்டுமென்றால் அதற்குத்தான் லேஅவுட் என்ற அச்சுத் தாள் இருக்கிறது. ஒரே தரைப்படத்தை நாலு லேஅவுட்டில் நாலு வியூபோர்ட் (தாளில் திறக்கிற பார்வை ஜன்னல்) வழியாகப் பாருங்கள், ஒவ்வொரு வியூபோர்ட்டிலும் வேண்டாத லேயரை (சுவர், வயரிங் என்று பிரித்த அடுக்கு) அந்த வியூபோர்ட்டுக்கு மட்டும் ஃப்ரீஸ் செய்து மறையுங்கள். லேயர் பட்டியலில் வியூபோர்ட் ஃப்ரீஸ் என்று தனி நிரல் இருக்கிறது, லேஅவுட்டுக்குள் நின்றால்தான் அது தெரியும், பலர் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. மேசன் தாளில் கட்டில் மேசை வேண்டாம், வயரிங் தாளில் சுவர் மங்கலாகவும் சுவிட்ச் அழுத்தமாகவும் வேண்டும், சபைத் தாளில் வயரிங்கே வேண்டாம். சுவர் ஒன்றுதான். கதவைத் தள்ளினால் நாலு தாளிலும் தள்ளும்.

அளவுகளுக்கும் இதே வழி. சபைக்கு மீட்டரில் போக வேண்டும், நம் மேசன்மார் அடி, இஞ்சியைத் தவிர வேறு எதையும் காதில் வாங்க மாட்டார்கள். இதற்காக இரண்டு ஃபைல் வைக்காதீர்கள், இரண்டு டிமென்ஷன் ஸ்டைலும் (அளவு எழுதும் பாணி) இரண்டு லேயரும் வையுங்கள். ஒரு லேயரில் மீட்டர், மற்றதில் அடி. இரண்டும் அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், டிம்அசோக் என்ற அமைப்பு 2 இல் இருந்தால், சுவரை இழுக்கும்போது இரண்டு எண்ணும் சேர்ந்து மாறும். எண்ணைக் கையால் அடித்து மாற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அப்பாவோ மாமனாரோ மனையடி பார்த்துவிட்டு வந்து 'ஹோல் 12 அடி கூடாது, உள்ளளவு 11 ஆக்குங்கள்' என்பார், அவசரத்தில் நீங்கள் எண்ணை மட்டும் 11 என்று அடித்துவிடுவீர்கள், கோடு 12 இலேயே நிற்கும். அந்தப் படத்தை நம்பி ஓடு கணக்குப் பார்ப்பவர் உங்களைத்தான் திட்டுவார்.

தாள் அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. 40 அடிக்கு 30 அடி வீடு என்றால் 12.2 மீட்டருக்கு 9.1 மீட்டர். 1:50 இல் அது 244 மில்லிமீட்டருக்கு 183, ஏ3 தாள் 420 க்கு 297, தாராளமாக உட்காரும். மேசனுக்கு 1:50 கொடுங்கள். வெயிலில் நின்றுகொண்டு சீமெந்துக் கையால் தாளைப் பிடித்து வாசிக்கிற மனிதருக்கு 1:100 இல் எழுத்து எறும்பு மாதிரித் தெரியும்.

மேல்மாடி இருந்தால் அதையும் அதே மொடல் ஸ்பேஸில், கீழ்மாடிக்கு வலப்பக்கம் சரியாக 30,000 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். கண்ணளவில் தள்ளி வைத்தால் பயன் இல்லை, சரியாக 30,000 இருக்க வேண்டும். அப்போதுதான் கீழே இருக்கிற தூண்களை எல்லாம் பிடித்து அதே தூரத்துக்கு கொப்பி அடித்தால் மேலே அச்சொட்டாக விழும், எந்தத் தூண் விலகி நிற்கிறது என்று உடனே தெரியும். எலிவேஷனைத் தரைப்படத்துக்கு நேர் கீழே வைத்தால் ஜன்னல் விளிம்பில் இருந்து ஒரு கோட்டை நேரே இறக்கிப் பார்க்கலாம். இரண்டு பரிமாணத்தில் கீறும்போது எலிவேஷனும் செக்ஷனும் (வெட்டுத்தோற்றம்) தானாக மாறாது, அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும், பக்கத்திலேயே இருந்தால் மறப்பது குறையும்.

எக்ஸ்ரெஃப் வேண்டுமா? ஐந்து பேர் ஒரே கட்டடத்தில் வேலை செய்கிற அலுவலகத்துக்கு அது உயிர்நாடி. தனி ஆளாக ஒரு லப்டொப்பில் 1,200 சதுர அடி வீடு கீறுகிறவருக்கு அது பெரும்பாலும் தலையிடிதான், பென் டிரைவில் ஒரு ஃபைலை மட்டும் கொப்பி பண்ணிக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போய் நிற்பீர்கள், திறந்தால் பாதி வீடு இல்லை. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் கட்டாயம் வையுங்கள்: சேவே பிளான், அதாவது காணியின் நில அளவைப் படம். நில அளவையாளர் தருகிற ஃபைல் மீட்டரில் இருக்கும், பலவேளை தேசிய ஆயத்தொலைவுகளோடு வரும், அதாவது ஆறு இலக்க எண்கள் இருக்கிற தூரத்தில் உங்கள் காணி நிற்கும். அதை அப்படியே உங்கள் ஃபைலுக்குள் ஒட்டி மில்லிமீட்டருக்குப் பெருக்கினால் எண்கள் ஒன்பது இலக்கமாகிவிடும், ஹட்ச் என்ற நிரப்புக் கோடுகள் உடையும், ஸ்னாப் சரியான புள்ளியைப் பிடிக்காமல் வழுக்கும். அவர் தந்த ஃபைலைத் தொடாமல் எக்ஸ்ரெஃப்பாக இணைத்து, காணியின் ஒரு மூலையை 0,0 க்குக் கிட்டக் கொண்டுவந்து, வீடு நேராக நிற்கும்படி காணியைத்தான் திருப்ப வேண்டும். வீட்டைச் சரித்துவைத்துக் கீறாதீர்கள். இணைத்த ஃபைலின் பாதையை ரிலேட்டிவ் (வேலை ஃபைலில் இருந்து பார்த்த இடம்) என்று வையுங்கள், இல்லாவிட்டால் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றின அன்றே தொடர்பு அறுந்துவிடும். வெளியே அனுப்பும்போது ஈட்ரான்ஸ்மிட் என்ற கட்டளை போட்டால் இணைந்த ஃபைல், ஃபொன்ட், சீடீபி (அச்சில் கோட்டின் தடிப்பைச் சொல்கிற ஃபைல்) எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும்.

இணைத்த உடனே பரப்பைப் பாருங்கள், இதை மட்டும் தவற விடாதீர்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர், சதுர அடியில் 272.25. சேவே பிளானில் 10 பேர்ச் என்று இருந்தால், காணி எல்லையைச் சுற்றி ஒரு பொலிலைன் (தொடர்கோடு) போட்டு ஏரியா கேட்டால் 252.9 சதுர மீட்டருக்குக் கிட்ட வர வேண்டும், மில்லிமீட்டரில் கீறினால் 25 கோடியே 29 இலட்சம். வெறும் 252.9 என்று காட்டினால் 1000 ஆல் பெருக்கவில்லை. இரண்டிலும் சேராமல் வேறு ஏதோ எண் வந்தால் ஸ்கேலில் பிழை. காகிதத்தில்தான் சேவே பிளான் இருக்கிறது என்றால் ஸ்கேன் எடுத்துப் படமாக இணைத்து, ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் கொடுத்து ஒரு எல்லை நீளத்துக்குச் சரிசெய்து, பிறகு இன்னொரு எல்லையிலும் பரப்பிலும் சரி பாருங்கள். ஃபோனில் சரிவாக எடுத்த படத்தை வைத்து இதைச் செய்ய வேண்டாம், ஒரு பக்கம் சரியாகும், மறுபக்கம் ஓடிவிடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரம் இந்தத் தாளில்தான் தெரியப் போகிறது, பக்கத்து வளவுக் கிணறும் சேர்த்து. அங்கே ஒரு அடி பிசகினாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விடமாட்டார், விடவும் கூடாது.

சரி, ஃபோல்டர். வீட்டுக்காரர் பெயரை மட்டும் வைக்காதீர்கள், ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள். நான் வைப்பது வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவது வேலை, இடம். '2023-07 நிலாவெளி' என்றால் 2023 இன் ஏழாவது வேலை. 7 என்று வைக்காமல் 07 என்று வையுங்கள், இல்லாவிட்டால் சில இடங்களில் 10 வந்து 7 க்கு முன்னால் நிற்கும். திகதியும் அப்படித்தான், வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர்ப்படி அடுக்கும்போதே கால வரிசையும் வந்துவிடும். ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் விண்டோஸ் ஏற்கும், ஆனால் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், ஜிப் செய்து அனுப்பினபோது தமிழ்ப் பெயர் கோழி கிளறின மாதிரிப் போய்ச் சேர்ந்ததைக் கண்டிருக்கிறேன். உள்ளே மூன்றே மூன்று ஃபோல்டர்: வந்தது, வேலை, போனது. உறுதிக் கொப்பி, சேவே பிளான், காணியில் எடுத்த ஃபோட்டோ, நீங்கள் டேப் பிடித்து அளந்து கொப்பியில் எழுதின பக்கத்தின் படம், சபையில் முத்திரை குத்தி வந்த பிளானின் ஸ்கேன் எல்லாம் 'வந்தது'. உங்கள் ஒரே ஃபைலும் அதன் எக்ஸ்ரெஃப்பும் செலவு மதிப்பீடும் 'வேலை'. அதற்கு மேல் பிரித்தால் எதை எங்கே வைப்பது என்று யோசிக்கவே நேரம் போகும், கடைசியில் எல்லாம் டெஸ்க்டொப்புக்கே திரும்பும்.

'போனது' என்ற ஃபோல்டர்தான் முக்கியம். என் இரண்டாவது அடி இங்கே விழுந்தது. பாலையூற்றில் ஒரு வீடு, மேசன் அத்திவாரம் வெட்டிவிட்டு அழைத்தார், போய்ப் பார்த்தால் முன் விறாந்தைத் தூண் ஒன்றரை அடி விலகி நிற்கிறது. அவர் ஃபோனில் பழைய பிளான். நான் புதியதும் அனுப்பியிருந்தேன், ஆனால் இரண்டுக்கும் பெயர் ஒன்றே, 'பிளான்'. அவர் எதைத் திறந்தார் என்று அவருக்கே தெரியாது. என்ன பேசுவது? கொங்கிரீட் போட முன்பே கண்டது எங்கள் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து ஒரு படம் வெளியே போகிற ஒவ்வொரு முறையும் இரண்டு பிரதி எடுக்கிறேன், ஒரு பிடிஎஃப், அந்த நேரத்து டிடபிள்யூஜியின் (ஓட்டோகேட் வேலை ஃபைல்) ஒரு கொப்பி. பெயரில் வேலை எண், திகதி, யாருக்கு, திருத்த எழுத்து. 'ஃபைனல்' என்ற சொல் என் கணினியில் தடை. தாளின் மூலையிலும் அதே திகதியும் திருத்த எழுத்தும் பெரிதாக இருக்கும், 'இதற்கு முந்திய தாளைக் கிழித்துவிடவும்' என்று தமிழில் ஒரு வரியும் இருக்கும். டிடபிள்யூஜி கொப்பியை ரீட் ஒன்லி ஆக்கிவிடுவேன், தெரியாமல் திறந்து சேவ் பண்ணாமல் இருக்க. பிறகு வீட்டுக்காரர் 'இந்த ஜன்னல் முதல் இங்கேதானே இருந்தது' என்று வாக்குவாதத்துக்கு வந்தால் போன பிரதியையும் வேலை ஃபைலையும் டிடபிள்யூஜி கொம்பெயர் என்ற ஒப்பிடும் வசதியில் போட்டால் மாறின இடம் எல்லாம் நிறத்தில் தெரியும். ஓட்டோகேட் 2019 பதிப்பில் இருந்து அந்த வசதி இருக்கிறது.

மேசனுக்கு டிடபிள்யூஜி அனுப்பாதீர்கள், பிடிஎஃப் போதும், அதையும் வட்ஸ்அப்பில் டொகுமென்ட் ஆக அனுப்புங்கள், ஃபோட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், 3 எது 8 எது என்று தெரியாமல் போகும். சபை அனுமதித்த பிளானுக்கும் கட்டுகிற பிளானுக்கும் வித்தியாசம் வந்தால் அதை 'போனது' ஃபோல்டரே காட்டிக்கொடுக்கும், அப்போது திருத்திய பிளானைத் திரும்பச் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்து இசைவுச் சான்றிதழுக்குப் போகும்போது மாட்டிக்கொண்டு உங்களிடம் ஓடி வருவதை விட அது நல்லது.

புது வீடு தொடங்கும்போது பழைய வீட்டின் ஃபைலைத் திறந்து சேவ் ஆஸ் கொடுத்து அழித்துக் கீறுவது நம் ஊர்ப் பழக்கம், உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும். அப்படியே பத்து வீடு தாண்டினால் ஃபைலுக்குள் யாருக்கும் தெரியாத நூறு லேயர், பாவிக்காத புளொக் (திரும்பத் திரும்ப வைக்கிற தயார்ப் படம்), எங்கோ இருந்து வந்த லைன்டைப் (கோட்டு வகை) எல்லாம் சேர்ந்து, ஒரு சின்ன வீடு 20 எம்பி ஆகும். முந்தின வீட்டுக்காரரின் பெயர் தலைப்புக் கட்டத்தில் அப்படியே சபைக்குப் போன கதையும் உண்டு, யாருடையது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் செலவழித்து ஒரு டெம்பிளேட் செய்யுங்கள், டிடபிள்யூடி என்று சேமிக்க வேண்டும். பதினைந்து லேயர், இரண்டு டிமென்ஷன் ஸ்டைல், நாலு லேஅவுட், அட்ரிபியூட் (பெயர், திகதி நிரப்புகிற இடம்) வைத்த தலைப்புக் கட்டம், நீங்கள் வழமையாகப் பாவிக்கிற கதவு, ஜன்னல் புளொக். புளொக்கை லேயர் 0 இல் கீறுங்கள், வைக்கிற லேயரின் நிறத்தை அது எடுத்துக்கொள்ளும். டெஃப்பொயின்ட்ஸ் லேயரில் எதையும் வைக்காதீர்கள், திரையில் தெரியும், அச்சில் வராது. லேயர் பெயருக்கு ஐஎஸ்ஓ 13567 என்று ஒரு சர்வதேச நியமமே உண்டு, படித்துப் பார்க்கலாம், நம் அளவு வீட்டுக்கு சுவர், கதவு, தூண், கூரை என்று விளங்குகிற பெயர் போதும். ஏற்கனவே வீங்கின ஃபைல்களில் பர்ஜ் கட்டளையால் பாவிக்காததை நீக்குங்கள், பிறகு ஆடிட் கட்டளையால் பிழை திருத்துங்கள்.

கதவு ஜன்னல் எண்களை ஒரு தடவை கொடுத்தால் மாற்றாதீர்கள். நடுவில் ஒரு ஜன்னலை எடுத்துவிட்டால் அந்த எண் காலியாகவே கிடக்கட்டும். ஓடாவி பழைய பட்டியலை வைத்து மரம் அறுத்திருப்பார், நீங்கள் வரிசை அழகுக்காக ஜன்னல் 4 ஐ 3 ஆக்கினால் அவர் நிலை செய்து கொண்டுவந்து நிற்கும்போது அளவு சேராது.

தமிழ் எழுத்து பற்றி ஒன்று. பாமினி ஃபொன்டில் 'குசினி', 'சுவாமி அறை' என்று எழுதி வைத்தால் அந்த ஃபொன்ட் இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடில் எழுதி லதா அல்லது நிர்மலா யூஐ வையுங்கள், ஓட்டோகேட்டின் எஸ்எச்எக்ஸ் ஃபொன்ட் தமிழுக்கு உதவாது. பிடிஎஃப் என்றால் இந்தக் கவலையே இல்லை. பிரிண்ட் கடைக்கு டிடபிள்யூஜியே கொடுத்தாக வேண்டும் என்றால் 2010 வடிவத்தில் சேவ் பண்ணிக் கொடுங்கள், பழைய பதிப்பு புதிய வடிவத்தைத் திறக்காது.

கரண்ட் போகிற ஊரில் சேவ்டைம் (தானாகச் சேமிக்கும் இடைவெளி) 10 நிமிடத்தில் இருந்தால் 5 ஆக்குங்கள். தானாகச் சேமிப்பது எஸ்வி டொலர் என்று முடிகிற பெயரில் டெம்ப் ஃபோல்டருக்குள் போகும், ஒழுங்காக மூடினால் அழிந்துவிடும், கரண்ட் போனால் தங்கும், அதை டிடபிள்யூஜி என்று பெயர் மாற்றினால் திறக்கலாம். பக்கத்தில் '.bak' என்று முடிகிற பேக் ஃபைல் முந்திய சேவ், அதுவும் பெயர் மாற்றினால் திறக்கும், குப்பை என்று அழிக்காதீர்கள். ஆனால் இவை இரண்டும் அதே லப்டொப்பில்தான் இருக்கின்றன. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் கூகுள் டிரைவிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். கடற்கரைக்குக் கிட்ட வீடு என்றால் பென் டிரைவை நம்பவே வேண்டாம், என் மேசையில் உப்புக் காற்றில் முனை துருப்பிடித்த இரண்டு கிடக்கின்றன.

முப்பரிமாணத்தில் கீற ஸ்கெச்அப்பும் பாவிப்பதாகச் சொன்னீர்கள். அதில் '.skp' வேலை ஃபைல், பக்கத்தில் தானாக உருவாகிற மற்றது (பழைய பதிப்புகளில் '.skb') அதன் காப்பு, இரண்டையும் குழப்பாதீர்கள், 'வேலை' ஃபோல்டரிலேயே இருக்கட்டும். சீஃப் ஆர்க்கிடெக்ட் என்ற வீட்டு வடிவமைப்பு மென்பொருள் பக்கம் போனால் அங்கே பிளான் ஒரு ஃபைல், லேஅவுட் வேறு ஃபைல், இரண்டும் தொடுப்பில் நிற்கும், ஒன்றை மட்டும் இடம் மாற்றினால் தொடுப்பு விடும்.

இப்போது கிடக்கிற இருபது வீட்டையும் உட்கார்ந்து அடுக்கத் தொடங்காதீர்கள், இரண்டு நாளில் அலுத்துப்போய் இதையும் விட்டுவிடுவீர்கள். 'பழசு' என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து எல்லாவற்றையும் அப்படியே தூக்கி உள்ளே போடுங்கள். இப்போது கட்டிக்கொண்டிருக்கிற வீடுகளை மட்டும் எடுங்கள், மூன்றோ நாலோ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேசனை அழைத்து, அவர் கையில் இருக்கிற தாளை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதனோடு ஒத்துப்போகிற ஃபைல் எது என்று கண்டுபிடியுங்கள். அதுதான் 'போனது' ஃபோல்டரில் முதலாவது. மற்ற வீட்டுக்காரர்களில் யாராவது நாலு வருடம் கழித்து மேல்மாடி போட வேண்டும் என்று வருவார்கள், அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய் டேப் பிடித்து அளந்து, அந்த ஒன்றை மட்டும் பழசில் இருந்து வெளியே எடுக்கலாம்.